ஞாயிறு கலந்துரையாடல்: கலீஃபாவின் அழைப்பும் படைவீரரின் உறுதிமொழியும்

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம். வரும் ஞாயிறு மாலை, முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் பணியாற்றிய முஸ்லிம் வீரர்களைப் பற்றிப் பேசவிருக்கிறோம். 1914 நவம்பரில் உதுமானிய (துருக்கிய) பேரரசு ஜிஹாத் அறிவித்தபோது, கலீஃபாவாக, அதாவது உலக முஸ்லிம்களின் தலைவராக, மதித்த அதன் சுல்தானின் படைகளையே எதிர்க்க வேண்டிய நிலை அவர்களுக்கு ஏற்பட்டது. பெரும்பாலோர் எடுத்த உறுதிமொழியைக் காத்துப் பணியில் தொடர்ந்தனர். ஆனால் ஹாங்காங்குக்குப் புறப்படவிருந்த 5ஆவது இலகு காலாட்படையினரில் ஒரு பகுதியினர், தங்களைத் துருக்கியருக்கு எதிராகவே அனுப்புகிறார்கள் என்ற வதந்தியை நம்பி, 1915 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் கிளர்ந்தெழுந்தனர். பின்னர் அவர்களில் 47 பேர் மரண தண்டனையாகச் சுட்டுக் கொல்லப்பட்டனர். மத உணர்வு மட்டுமே காரணம் என்பதை நான் ஏற்கவில்லை. அதிகாரிகளிடையே நிலவிய பூசலும் பதவி உயர்வு குறித்த மனக்குறையும் அதில் கலந்திருந்தன. பங்கேற்க விரும்புவோர் சனிக்கிழமைக்குள் இங்கேயே தெரிவிக்கவும்.