எல்லனுக்கு முன்பே தெரியும்: பெவர்லி டி'ஏஞ்சலோவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெவர்லி அம்மாவுக்கு,

வணக்கம். நான் அடிலெய்டில் வசிக்கிறேன். போன ஜூலையில் மனைவி, பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருந்த அம்மா எல்லாரையும் ஏற்றிக்கொண்டு பெர்த் வரைக்கும் காரில் போனேன். ஒரு பக்கம் மட்டும் சுமார் 2,700 கிலோமீட்டர். அந்த வழி முழுக்க என் மனதுக்குள் ஒரு படம் ஓடிக்கொண்டே இருந்தது. கிரிஸ்வோல்ட் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்கு வருகிற படம். யாரும் எடுக்காத படம். ஊர் திரும்பிய பிறகும் அது என்னை விடவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். ஏனென்றால், அந்தப் படம் உங்களுடையது.

1983இல் முதல் 'வெக்கேஷன்' நகைச்சுவைப் படம் வந்தது. கிரிஸ்வோல்ட் குடும்பத்தில் அப்பா கிளார்க், அம்மா எல்லனாக நீங்கள், பிள்ளைகள் ரஸ்டி, ஆட்ரி. சிகாகோவிலிருந்து கலிஃபோர்னியா வரை காரில் போய்ச் சேர்ந்தால் வாலி வேர்ல்ட் என்ற கேளிக்கைப் பூங்கா மூடிக்கிடக்கும். 1985இல் ஐரோப்பா. 1989இல் கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே. 1997இல் லாஸ் வேகாஸ். இதில் 85க்கும் 89க்கும் நடுவே ஒரு இடம் காலியாக இருக்கிறது. என் படத்தை நான் அங்கேதான் வைத்திருக்கிறேன். 1987 ஜூலை.

ஏன் 1987 என்றால், அமெரிக்கா கோப்பை. 132 ஆண்டுகள் அமெரிக்கர்களின் கையை விட்டுப் போகாத அந்தப் பாய்மரப் படகுக் கோப்பையை ஆஸ்திரேலியா ஜெயித்தது 1983இல். முதல் படம் வந்த அதே வருடம். அதனால் அடுத்த போட்டி 1987இல் மேற்கு ஆஸ்திரேலியாவில், ஃப்ரீமாண்டில் கடலில் நடந்தது. கிளார்க் கிரிஸ்வோல்ட் சும்மா இருப்பாரா? ஒரு வருடம் முன்பே பத்திரிகையில் படித்துவிடுகிறார்: "1987 கோடையில், ஃப்ரீமாண்டிலில்." கோடை என்றால் அவருக்கு ஜூலை. பிள்ளைகளின் பள்ளி விடுமுறையும் அப்போதுதான். டிக்கெட் போட்டுவிடுகிறார்.

ஆஸ்திரேலியாவில் கோடை ஜனவரியில். பந்தயம் பிப்ரவரி 4ஆம் தேதியே முடிந்துவிட்டது. அமெரிக்கப் படகு நாலுக்கு பூஜ்யம் என்று ஜெயித்து, கோப்பை சான் டியாகோவுக்குப் போய்விட்டது. கிரிஸ்வோல்ட் குடும்பம் நீச்சல் உடைகளும் கொடிகளும் நிறைந்த பெட்டிகளோடு சிட்னியில் வந்து இறங்கும்போது நடுக்குளிர்காலம். பார்க்க வந்த கோப்பை அவர்களுடைய நாட்டிலேயே இருக்கிறது.

இது வரைக்கும் கிளார்க்கின் கதை. இனிமேல்தான் எல்லனின் கதை.

எல்லனுக்கு இது பிப்ரவரியிலேயே தெரியும். சமையலறையில் தொலைக்காட்சிச் செய்தியில் பார்த்துவிட்டார். கிளார்க் அந்த மாதம் முழுக்க கார் ஷெட்டில் வரைபடங்களோடு இருந்ததால் அவர் காதுக்கு எதுவும் எட்டவில்லை. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காரணம், முதல்முறையாக எல்லனுக்கே எங்கோ போக வேண்டும் என்று இருந்தது. வழியில் நல்லார்பர் என்ற வறண்ட சமவெளிக்குப் பக்கத்தில், கடலோரப் பாறைமேல் நின்றால் குட்டி போட்ட திமிங்கலங்களைப் பார்க்கலாம் என்று எங்கோ படித்திருந்தார். அவை தெற்குக் கடலிலிருந்து கரையோரம் வருவது குளிர்காலத்தில்தான். கிளார்க் தப்பாகப் போட்ட தேதிதான் எல்லனுக்குச் சரியான தேதி.

நான்கு படத்திலும் எல்லன் கிளார்க்கின் ஆசைகளுக்குத் துணை போகிறவராகவே இருந்தார். நீங்கள் அதைச் செய்த விதம்தான் அந்தப் படங்களைத் தாங்கியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கிளார்க் வெடிக்கும்போது பார்க்கிறவர்களின் கண் உங்கள் முகத்துக்குத்தான் போகும். இவர் இன்னும் இந்த ஆளை விட்டுப் போகவில்லை, சரி, அப்படியானால் நாமும் இருக்கலாம் என்று ஒரு தெம்பு வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரஸ்டியும் ஆட்ரியும் ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு நடிகர்கள். சிறுவயதில் எனக்கு அது புரியாமல் கோபம் வந்தது. இப்போது என் மகளுக்குப் பதிமூன்று வயது. கோடை விடுமுறைக்கு முன்னால் இருந்த முகம் விடுமுறை முடிந்ததும் இல்லை. என் படத்தில் எல்லன் பின்சீட்டைத் திரும்பிப் பார்க்கிற ஒரு காட்சி இருக்கிறது. வசனம் கிடையாது. இவர்கள் எப்போது இப்படி ஆனார்கள் என்ற பார்வை மட்டும். உங்களைத் தவிர யாராலும் அதைச் செய்ய முடியாது. பிள்ளைகள் மாறிக்கொண்டே இருந்த வீட்டில் அம்மாவாக இருந்தவர் நீங்கள்.

முதல் பாதியை வேகமாக ஓட்டிவிடலாம். வலது பக்கம் ஸ்டியரிங் உள்ள ஃபோர்டு ஃபால்கன் ஸ்டேஷன் வேகன், கிளார்க் ஒவ்வொரு முறையும் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தேடுவது. கௌல்பர்ன் ஊரில் 15 மீட்டர் உயர கான்கிரீட் செம்மறி ஆடு. உள்ளே ஏறிப் போய் அதன் கண் வழியே ஊரைப் பார்க்கலாம். இங்கே ஊருக்கு ஊர் இப்படி ஒரு பெரிய பொருள் இருக்கும்: பெரிய வாழைப்பழம், பெரிய அன்னாசி, பெரிய சிங்கி இறால். உலகத்திலேயே இரண்டாவது பெரிய நூல்கண்டைப் பார்க்க நாலு மணி நேரம் சுற்றிப் போகலாம் என்று முதல் படத்தில் நினைத்த கிளார்க்குக்கு இதைவிட நல்ல நாடு கிடையாது. ரோட் ட்ரெயின் என்கிற, பல பெட்டிகளை இழுத்துப் போகும் நீள லாரி ஒன்றை முந்த முயன்று முந்த முயன்று, பிள்ளைகள் ஒரு சீட்டாட்டமே முடித்துவிடுவது. இதெல்லாம் பத்து நிமிடம் போதும்.

செடூனா என்ற கடலோர ஊரைத் தாண்டினால் படம் மெதுவாக வேண்டும். யலட்டா பழங்குடி மக்களின் நிலத்தில், கிரேட் ஆஸ்திரேலியன் பைட் என்ற பெரிய வளைகுடாவின் தலைப்பகுதியில், திமிங்கலங்கள். நாங்கள் போனபோது காற்று ஆளைத் தள்ளியது. கீழே தாயும் குட்டியும் பக்கத்தில் பக்கத்தில், அசையாமல் கிடந்தன. குட்டி மட்டும் அவ்வப்போது தாயின் முதுகில் ஏறிச் சறுக்கியது. எங்கள் அம்மா அரை மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அதுக்குப் பசிக்காதா?" என்று தாய்த் திமிங்கலத்தைக் காட்டிக் கேட்டார். அந்த மாதங்களில் அது ஏறக்குறையப் பட்டினிதான். உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைத்துத்தான் குட்டிக்குப் பால் தருகிறது. சொன்னேன். அம்மா தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை நான் எல்லனுக்குக் கொடுத்துவிட்டேன்.

அடுத்தது எல்லைச் சோதனைச் சாவடி. மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் பழம், காய்கறி, தேன் எதுவும் கொண்டுபோகக் கூடாது. எங்களிடம் ஒரு பை ஆரஞ்சு இருந்தது. குப்பையில் போட அம்மாவுக்கு மனம் வரவில்லை. வண்டியை ஓரம் கட்டி ஆறு பேரும் அத்தனையையும் உரித்துத் தின்றோம். கிரிஸ்வோல்ட்களிடம் ஒரு பெட்டி ஆரஞ்சும் இரண்டு குடுவைத் தேனும் இருக்கும்.

அங்கிருந்து யூக்லாவில் கடிகாரத்தை 45 நிமிடம் பின்னால் திருப்ப வேண்டும். தெற்கு ஆஸ்திரேலிய நேரத்துக்கும் பெர்த் நேரத்துக்கும் உள்ள ஒன்றரை மணி நேரத்தை அந்தச் சிறிய ஊர்கள் தாங்களாகவே பாதியாகப் பிரித்து வைத்துக்கொண்டிருக்கின்றன. நிமிட வாரியாகப் பயணத் திட்டம் எழுதி வைத்திருக்கும் கிளார்க்குக்கு இது தாங்காது. திட்டத்தைக் கிழித்துவிட்டு, எச்சில் விழுங்கி, மறுபடி ஒட்டுவார்.

பிறகு கைகூனா. இங்கிருந்து பல்லடோனியா பக்கம் வரைக்கும் 146.6 கிலோமீட்டர் சாலை ஒரு வளைவுகூட இல்லாமல் நேராகப் போகிறது. வானொலி கிடைக்காது. 1980இல் 'கோல் மைனர்ஸ் டாட்டர்' படத்தில் பேட்சி கிளைனாக நடித்தபோது நீங்களே சொந்தக் குரலில் பாடினீர்கள். இங்கேயும் நீங்கள் பாட வேண்டும். முணுமுணுப்பாகத் தொடங்கி, பிள்ளைகள் காதிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றுகிற வரைக்கும். பாட்டு முடிந்ததும் எல்லன் சொல்கிறார்: "கிளார்க், கோப்பை அங்கே இல்லை. எனக்கு பிப்ரவரியிலேயே தெரியும்."

கிளார்க் பதில் சொல்லவில்லை. இறங்கிப் போக இடமில்லை. கத்துவதற்கு ஆள் இல்லை. சாலையும் திரும்பவில்லை. கடைசியில் பல்லடோனியாவுக்கு முன்னால் முதல் வளைவு வருகிறது. கிளார்க்கின் கைகள் வளைவதையே மறந்துவிட்டிருக்கின்றன. வண்டி நேராகவே போய், புதருக்குள் மெதுவாக இறங்கி நிற்கிறது. படத்தின் பெரிய சிரிப்பு இதுதான். அவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் அங்கே சிரித்தே ஆக வேண்டும்.

அந்த வட்டாரத்தில்தான் 1979இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தின் துண்டுகள் விழுந்தன. குப்பை போட்டதற்காக எஸ்பரன்ஸ் ஊராட்சி நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது. நாசா கட்டவில்லை. ரோட்ஹவுஸில் இதைக் கேட்ட கிளார்க், ஒரு அமெரிக்கனாக வெட்கப்பட்டு, கோப்பையைப் பார்க்க வைத்திருந்த பணத்தை எண்ணி மேசைமேல் வைக்கிறார். அதுதான் அவருடைய மன்னிப்பு, எல்லனுக்கும் சேர்த்து. நிஜத்தில் 2009இல் கலிஃபோர்னியாவின் ஒரு வானொலித் தொகுப்பாளர் நேயர்களிடம் பணம் திரட்டி அதைக் கட்டினார். கிளார்க் மாதிரி ஆட்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள், அம்மா.

கிளார்க் வண்டிக்குத் திரும்பும்போது எல்லன் வலது பக்க இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் வழக்கம்போல இடது பக்கக் கதவைத் திறக்கிறார். இந்த முறை அது சரியான கதவு.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் எனக்குத் தெளிவு இல்லை. எல்லன் அந்த உண்மையை நேர்கோட்டின் தொடக்கத்தில் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். 146 கிலோமீட்டர் மௌனம் வேண்டும் எனக்கு. என் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. அத்தனை தூரமும் எல்லன் சொல்லலாமா வேண்டாமா என்று தவித்து, கடைசி வளைவுக்கு ஒரு நிமிடம் முன்னால்தான் சொல்வாராம். முப்பது வருடத்துக்கு மேல் எல்லனாக இருந்தவர் நீங்கள். அவர் எப்போது சொல்லியிருப்பார்?

அன்புடன்,
அடிலெய்டிலிருந்து ஒரு ரசிகன்