ராஜா ஜோடியும் முதல் ஒரு மணி நேரமும்

மண்டபம்
மே மாதம்

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். மீன்பிடித் தடையால் ஏப்ரல் 15-லிருந்து விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கின்றன, ஜூன் 14 வரைக்கும் இப்படித்தான். பகலெல்லாம் மராமத்து, வலை வேலை. பொழுது சாய்ந்தால் சீட்டுக்கட்டு வெளியே வந்துவிடுகிறது. 2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசுச் சட்டத்துக்குப் பிறகு போனில் பணம் கட்டி ஆடும் பேச்சு இல்லை. அது ஒழிந்ததில் எனக்கு நிம்மதிதான். இப்போது வெறும் பிளாஸ்டிக் சிப், ஆளுக்கு 10,000, தீர்ந்தால் எழுந்துவிட வேண்டும். தொண்டியிலும் அதே கணக்கில்தான் போக்கர் டோர்னமென்ட் (ஆளுக்கு இரண்டு சீட்டு, மேசையில் பொதுவாக ஐந்து சீட்டு விரிக்கும் ஆட்டம்) நடக்கிறது என்று எழுதியிருந்தாய்.

ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி என்று பெரிய கை வந்தவர்களே ஏன் முதல் ஒரு மணி நேரத்தில் வெளியேறுகிறார்கள் என்று கேட்டிருக்கிறாய். சரியான கேள்வி. கையில் குறை இல்லை மாப்பிள்ளை. ஆழத்தைப் பார்க்காமல் ஆடுவதுதான் குறை. பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் தொகை, சிறியது 50, பெரியது 100) 50/100 இருக்கும்போது 10,000 சிப் என்றால் 100 பெரிய பிளைண்ட். அவ்வளவு ஆழத்தில் ஒற்றை ஜோடிக்கு அடி எட்டாது. ஆழம் தெரியாமல் வலை விடுகிறவன் நம் கரையில் யாராவது உண்டா?

ஒரு கையை அப்படியே விரித்து வைக்கிறேன். உன்னிடம் இஸ்பேட் ராஜா, ஆட்டின் ராஜா. முன் இடத்திலிருந்து, அதாவது மற்றவர்களுக்கு முன்பே பேசும் இடத்திலிருந்து, 300-க்கு ரேஸ் செய்கிறாய் (தொகையை உயர்த்துகிறாய்). பட்டனில் (கடைசியாகப் பேசும் இடத்தில்) இருப்பவரும் பெரிய பிளைண்ட் வைத்தவரும் கால், அதாவது அதே தொகையைப் போட்டுத் தொடர்கிறார்கள். சிறிய பிளைண்டின் 50-ஐயும் சேர்த்தால் பாட் (நடுவில் சேர்ந்த சிப்) 950, உன் முன்னால் 9,700. அதாவது பாட்டைப் போல பத்து மடங்கு இன்னும் உள்ளே போகாமல் இருக்கிறது. ஃப்ளாப்பில் (மேசையில் முதலில் விரிக்கும் மூன்று சீட்டில்) டைமன் 9, கிளாவர் 8, கிளாவர் 3. நீ 600 வைக்கிறாய், பட்டன் மட்டும் கால், பாட் 2,150. டர்னில் (நாலாவது சீட்டில்) ஆட்டின் 4. நீ 1,400 வைத்ததும் அவர் 4,000 என்கிறார்.

நம்மில் பெரும்பாலோர் இங்கே "என்னிடம் ராஜா ஜோடி" என்று மொத்தத்தையும் தள்ளிவிடுகிறோம். அதுவரை பேசாமல் கால் மட்டும் செய்துகொண்டிருந்தவர் டர்னில் எகிறினால் அவரிடம் என்ன இருக்கும் என்று எண்ணிப் பார். கையில் 99, 88, 33 ஜோடி இருந்தால் மேசைச் சீட்டோடு ஒரே எண் மூன்றாகிவிடும். இவை ஒவ்வொன்றும் மூன்று விதமாக வரலாம், ஆக ஒன்பது. ஒரே ஜாதியில் 9-8 இரண்டு விதம். இவை எல்லாமே உன்னை அடிக்கும் கைகள். ராணி ஜோடியை வைத்துக்கொண்டு இந்த இடத்தில் ரேஸ் செய்யும் நிதான ஆட்டக்காரர் அபூர்வம். கிளாவர் ஃப்ளஷ்ஷுக்கு (ஒரே ஜாதியில் ஐந்து சீட்டுக்கு) காத்திருந்து மிரட்டுகிற ஆள் என்று தெரிந்தால் கால் செய். நிதானமான ஆள் என்றால் ஃபோல்ட், கையைக் கீழே போட்டுவிடு. உன்னிடம் 7,700 மிச்சம், 77 பெரிய பிளைண்ட். அது நல்ல நிலைமை.

சின்ன ஜோடிக்காரர் உன் 300-ஐக் கால் செய்வது முட்டாள்தனம் என்று நினைக்காதே. ஃப்ளாப்பில் அவருக்குச் செட் (ஜோடியோடு அதே எண் மூன்றாவது சீட்டு) அமைவது எட்டரைக்கு ஒரு தடவைதான். ஆனால் 300 போட்டு உன் 9,700-ஐப் பிடிக்க வழி இருப்பதால் அவருக்குக் கட்டுப்படியாகிறது. போட்ட தொகையைப் போல 15, 20 மடங்காவது எதிராளியிடம் இருந்தால்தான் அந்தக் கால் சரி. தொடக்கத்தில் 33 மடங்கு இருக்கிறது. ஆழமான நேரம் மறைந்திருக்கும் கைக்குச் சாதகம், வெளிப்படையான ஜோடிக்கு அல்ல.

அதனால் பெரிய ஜோடிக்குரிய சிப் ஃப்ளாப்புக்கு முன்பே உள்ளே போக வேண்டும். ஒருவர் 300 ரேஸ் செய்து, நீ அவருக்குப் பின்னால் இருந்தால் 1,000 ஆக்கு. பிளைண்டில் இருந்தால் 1,200, 1,300 வரை போகலாம், ஏனென்றால் மீதி ஆட்டம் முழுக்க நீதான் முதலில் பேசியாக வேண்டும். 1,000-க்கு அவர் கால் செய்தால் பாட் 2,150, இருவரிடமும் 9,000. இப்போது வெறும் நாலு மடங்கு சொச்சம். ஃப்ளாப்பில் 1,200, டர்னில் 2,800 என்று போனால் ரிவரில் (கடைசிச் சீட்டில்) பாட் 10,150, உன்னிடம் 5,000. மொத்தமும் இயல்பாகவே போய்ச் சேர்கிறது. அதே ராஜா ஜோடிதான், ஆனால் இங்கே நம்பிப் போகலாம். ஃப்ளாப்பில் ஏஸ் விழுந்தால் மட்டும் நின்று யோசி. ராஜா ஜோடிக்கு அது 100-க்கு 23 தடவை நடக்கும்.

ஏஸ் ஜோடியை மறைத்து வைத்து வெறும் 100-க்கு லிம்ப் செய்வது (உயர்த்தாமல் பெரிய பிளைண்ட் அளவே போட்டு நுழைவது) நம் பக்கத்தில் பெரிய சாமர்த்தியமாக எண்ணப்படுகிறது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஏதோ ஒரு கையோடு ஒருவர் மட்டும் எதிரே இருந்தால் ஏஸ் ஜோடி 85 சதம் ஜெயிக்கும். நாலு பேர் வந்தால் 56 சதம்தான். அதைவிடக் கெடுதல், பெரிய பிளைண்ட் சும்மா பார்த்த ஃப்ளாப்பில் 8-3 வைத்து இரட்டை ஜோடி அடித்திருந்தால் உனக்குத் தெரிய வழியே இல்லை. 300-க்கு மேல், முன்னால் லிம்ப் செய்தவர் ஒவ்வொருவருக்கும் 100 கூட்டி ரேஸ் செய். இரண்டு பேர் என்றால் 500. 300-க்கு எல்லோருமே வருகிற மேசையாக இருந்தால் அளவை உயர்த்து. ஆனால் எல்லாக் கைக்கும் அதே அளவாக இருக்கட்டும், இல்லாவிட்டால் உன் சிப்பே உன் சீட்டைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஏஸ்-ராஜாவைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஜோடி அல்ல. ஃப்ளாப்பில் மூன்றுக்கு ஒரு தடவைதான் ஜோடி சேரும். ராணி ஜோடிக்கு எதிரே 43 சதம், ஒரே ஜாதி என்றால் 46. ரேஸ் செய்ய நல்ல கை. ஆனால் தொடக்கத்திலேயே 100 பிளைண்டையும் அதன் மேல் தள்ளாதே.

காத்திருப்பதைப் பற்றியும் கேட்டாய். மொத்தம் 1,326 விதமான தொடக்கக் கைகள். அதில் ஏஸ், ராஜா, ராணி ஜோடிகளும் ஏஸ்-ராஜாவும் சேர்ந்து 34, அதாவது 39-க்கு ஒன்று. மேசையில் ஒரு மணி நேரத்துக்கு முப்பது கைதான் ஓடும். அதில் ஒன்றுகூட வராமல் போக ஏறக்குறையப் பாதி வாய்ப்பு. ஒரு சுற்றுக்கு 150 சிப்தான் செலவு, பொறுமைக்கு இங்கே விலை மலிவு. வராத கைக்காக எரிச்சல்பட்டு, வந்த முதல் ராணி ஜோடியோடு மல்லுக்கு நிற்பதில்தான் பலர் கவிழ்கிறார்கள்.

தடை முடிவதற்குள் ஒருமுறை வந்து போ. வரும்போது பிளாஸ்டிக் சீட்டுக்கட்டு இரண்டு வாங்கி வா. கடற்காற்றின் ஈரத்தில் காகிதச் சீட்டு உப்பி, ஓரம் மடங்கிவிடுகிறது. கிளாவர் ஏஸின் மூலை மடிப்பு இப்போது மேசையில் எல்லோருக்கும் அடையாளம் தெரிகிறது, அந்தக் கட்டை வைத்து இனி ஆட முடியாது.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை