கறுப்பாய் வரும் திரை: மகளுக்கு ஒரு கடிதம்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பு மகளுக்கு,

மூதூரிலும் வெருகலிலும் உயர்தரம் படிக்கிற பிள்ளைகளுக்கு நீ இணைந்த கணிதப் பாடங்களை வீடியோவாகப் பதிந்து அனுப்பப்போகிறாய் என்று அம்மா சொன்னா. அதிலிருந்து எனக்கு வேறு யோசனை இல்லை. வெருகல் பிள்ளையொன்று ரியூசனுக்கு டவுனுக்கு வந்து போவதென்றால் அந்த நாளே போய்விடும். கம்பஸ் வேலை எவ்வளவு இருந்தாலும் இதை விட்டுவிடாதே மகள்.

ரெக்கோட் செய்தால் திரை கறுப்பாக வருகிறது என்றாயாம். லப்டொப்பில் பழுது ஒன்றும் இல்லை. உன் லப்டொப்பின் இயங்குதளமான உபுண்டு 22.04, விண்டோக்களைத் திரையில் காட்டும் வேலையை வேலண்ட் என்ற புதிய முறையில் செய்கிறது. 1984இல் தொடங்கிய பழைய எக்ஸ் முறையில், ஒரு மென்பொருள் மற்ற விண்டோக்களில் நடப்பதை எல்லாம் கேட்காமலே பார்க்கலாம். வேலண்ட் அந்தக் கதவை அடைத்துவிட்டது. உன் அனுமதியைக் கேட்டு, படத்தையும் ஒலியையும் மென்பொருள்களுக்கிடையே கடத்துகிற பைப்வயர் வழியாகத்தான் திரையைக் கொடுக்கும். நீ போட்ட சிம்பிள் ஸ்கிரீன் ரெக்கோடருக்கு அந்த வழி தெரியாது. லொகின் செய்யும்போது, பெயரைத் தட்டியதும் கீழே வருகிற பல்சக்கரத்தில் சோர்க் (Xorg) என்கிற அந்தப் பழைய எக்ஸ் முறைக்கு மாறினால் அதுவும் ஓடும். ஆனாலும் ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற ரெக்கோட் மென்பொருளைப் போடு என்றுதான் சொல்லுவேன். 27ஆம் பதிப்பிலிருந்து அது வேலண்டில் நேரே வேலை செய்கிறது. சோர்ஸஸ் பெட்டியில் கூட்டல் குறியைத் தட்டி, பைப்வயர் என்று போட்டிருக்கும் ஸ்கிரீன் கப்ச்சரைத் தெரிவு செய். எந்தத் திரை என்று கேட்கும், காட்டிவிடு. பிரிண்ட் ஸ்கிரீன் பொத்தானிலும் ரெக்கோட் இருக்கிறதுதான், ஆனால் அது குரலைப் பதியாது.

குரல்தான் பெரிய விசயம். படம் கொஞ்சம் மங்கினாலும் பிள்ளைகள் பொறுப்பார்கள். நீ சொல்வது கேட்காவிட்டால் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். லப்டொப்பின் மைக்கில் அதன் விசிறிச் சத்தமும் சேர்ந்து வரும்; ஹெட்செட்டைக் கொளுவி, ஓடியோ செட்டிங்ஸில் அந்த மைக்கைத் தெரிவு செய். நீ சாதாரணமாகக் கதைக்கையில் மிக்ஸரில் கோடு மஞ்சளுக்குள் நிற்கட்டும். சிவப்பில் ஏறினால் குரல் உடையும். ஃபில்டர்ஸில் இரைச்சலைக் குறைக்கிற நொய்ஸ் சப்ரெஷனையும் சேர். லீவில் இங்கே வந்து பதிவதென்றால் முன் அறை வேண்டாம். கச்சான் காற்று யன்னலில் அடிக்கிற சத்தத்தை எந்த ஃபில்டரும் முழுதாக எடுக்காது. பின் அறையை ஒதுக்கித் தருகிறேன். இன்னொன்று, திரையில் எழுதுவதை வாசித்துக்கொண்டு போகாதே. ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு ஏன் போகிறாய் என்பதைச் சொல்லு. புத்தகத்தில் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்காதது அதுதான்.

பதிவை எம்கேவி என்ற வீடியோக் கோப்பு வகையாகவே வை. சாதாரண எம்பி4 கோப்பு, உள்ளே எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணையைக் கடைசியில்தான் எழுதும். நடுவில் பற்றரி செத்தால் முழுப் பாடமும் திறபடாது. எம்கேவியில் அதுவரை பதிந்தது மிஞ்சும். முடிந்த பிறகு ஃபைல் மெனுவில் ரீமக்ஸ் கொடு. தரம் குறையாமல் எம்பி4 ஆகிவிடும். அளவு 1280க்கு 720, செக்கனுக்கு 30 பிரேம் போதும். உன் லப்டொப்பும் திணறாது, பிள்ளைகளின் டேட்டாவும் மிச்சம்.

முழுப் பாடத்தையும் பதிய முதல் ஒரு நிமிடம் மட்டும் பதிந்து எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பு. எழுத்து போனில் வாசிக்கக்கூடியதாக இருக்கிறதா, குரல் தெளிவா என்று பார்த்து அன்றைக்கே சொல்லுகிறேன். வகையீட்டிலிருந்து தொடங்கு. அதில்தான் பிள்ளைகள் கூடத் தடக்குப்படுகிறார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா