கணக்கு நோட்டில் சுருங்கிய எழுத்து

கும்பகோணம்,
ஞாயிறு இரவு.

அம்மாடி,

போனில் டெஸ்ட் பேச்செடுத்தாலே "சரிப்பா, பார்க்கலாம்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன். கவர் மேல் உள்ள விலாசம் தம்பி எழுதியது. பின்கோடில் கடைசி எண் கொஞ்சம் சாய்ந்துவிட்டது, தபால்காரர் கண்டுபிடித்துக்கொள்வார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த நாலு வரியை அவனால் எழுதியிருக்க முடியாது.

அப்போது உனக்கு முழுக் கதையையும் நாங்கள் சொல்லவில்லை. நீ புனேயில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. லீவு நாளில் கடைக் கணக்கு எழுதுவது அவன்தானே. அச்சடித்த மாதிரி எழுத்து. ஆடி மாதம் ஒருநாள் நோட்டைப் புரட்டினேன். சித்திரையில் 'பித்தளை அண்டா 2' என்று குண்டு குண்டாக எழுதியிருந்தான். ஆடியில் அதே வார்த்தை எறும்பு ஊர்ந்த மாதிரி. வரி ஆரம்பத்தில் பெரிதாகத் தொடங்கி, போகப் போகச் சுருங்கி, கடைசியில் வெறும் கோடு. நான் என்ன செய்தேன் தெரியுமா? வாடிக்கைக்காரர்கள் நிற்கும்போதே "ஒழுங்கா எழுத மாட்டியாடா" என்று நோட்டைத் தூக்கிப் போட்டேன். அவன் ஒன்றும் சொல்லாமல் குனிந்து எடுத்தான். கை நடுங்கியது. பயத்தில் நடுங்குகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் பேச்சு குழறியது, வாயோரம் எச்சில் வழிந்தது, மார்க் இறங்கியது. சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்தினான். ஒரு டாக்டர் வயசுக் கோளாறு என்றார். இன்னொருவர் மனநோய் மாத்திரை கொடுத்தார், அதில் உடம்பு இன்னும் விறைத்துப் போனது. அம்மா வேண்டிக்கொள்ளாத கோயில் இல்லை. கடைசியில் தஞ்சாவூரில் ஒரு நரம்பு டாக்டர், உன்னைவிட நாலைந்து வயது மூத்த பெண், அவன் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உடனே கண் டாக்டரிடம் அனுப்பினார். ஸ்லிட் லாம்ப் என்ற கருவியில் வைத்துப் பார்த்து, எனக்கும் திரையில் காட்டினார்கள். கருவிழி ஓரமாகப் பழுப்பும் பச்சையும் கலந்து ஒரு வளையம். களிம்பேறிய சொம்பின் விளிம்பு மாதிரியே இருந்தது. முப்பத்தைந்து வருஷமாகக் கடையில் பார்க்கிற நிறம் எனக்குத் தெரியாதா? தாமிரம்.

வில்சன் நோய் என்றார்கள். 1912-இல் லண்டனில் கின்னியர் வில்சன் என்ற டாக்டர் விவரமாக எழுதியதாம். சுமார் 30,000 பேரில் ஒருவருக்கு வருமாம். என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி, "எங்கள் கடைப் பாத்திரத்தாலா?" என்பதுதான். இல்லை என்றார் அந்தப் பெண். பொறுமையாகச் சொன்னார், நான் என் பாஷையில் புரிந்துகொண்டேன். தாமிரம் இல்லாமல் மூளையே ஓடாது. ஆனால் நாளுக்கு ஒரு மில்லிகிராம் இருந்தால் போதும். கிலோக் கணக்கில் நிறுத்துப் போடுகிற எனக்கு, ஓர் ஆளின் உடம்பு முழுவதற்கும் 100 மில்லிகிராம் அளவில்தான் தாமிரம் இருக்கும் என்றபோது சிரிப்புதான் வந்தது. கல்லீரல் ஒரு கிடங்கு. மிஞ்சிய சரக்கைப் பித்தநீரோடு பின்வாசல் வழியாக வெளியேற்ற அங்கே ஓர் ஆள் நிற்கிறான். அந்த ஆளை உண்டாக்கும் மரபணு ஏ.டி.பி.7பி, 1993-இல் கண்டுபிடித்தார்கள். தம்பிக்கு அந்த ஆள் சரியில்லை. பிறந்த நாளிலிருந்து சரக்கு உள்ளே வருகிறது, வெளியே போவதில்லை. கிடங்கு நிரம்பி வழிந்ததும் ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகிறது. அசைவை ஒழுங்குபடுத்தும் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டால் எழுத்து சுருங்காமல் என்ன செய்யும்?

இப்போது நீ படிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன்.

கெட்டுப்போன மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டும் சேர்ந்தால்தான் நோய். அம்மா என் சொந்த அத்தை மகள். தாத்தாவிடமோ பாட்டியிடமோ இருந்த ஒன்று, என் அப்பா வழியாக எனக்கும், அத்தை வழியாக அவளுக்கும் வந்திருக்கிறது. கடையோடு சேர்த்து இதையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்கள் இருவருக்கும் ஒன்றொன்றுதான், அதனால் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. உனக்கும்தான்.

இதை அந்த டாக்டர் அன்றைக்கே சொன்னார். "வேறு பிள்ளைகள் உண்டா? கட்டாயம் பார்த்துவிடுங்கள்" என்றார். நான்தான், "பெண் நன்றாக இருக்கிறாள், வெளியூரில் இருக்கிறாள்" என்று பேச்சை மாற்றினேன். அந்த மாதம் உன்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். டெஸ்ட், மரபணு என்று வெளியில் தெரிந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். அந்த வரன் எப்படியும் அமையவில்லை. இரண்டு வருஷம் ஓடிவிட்டது. நீ தள்ளிப்போடுகிறாய் என்று அம்மாவிடம் குறைபட்டுக்கொள்கிறேன், உண்மையில் தள்ளிப்போட்டது நான்.

கம்பெனியில் எடுத்த ஹெல்த் செக்கப்பில் எல்லாம் நார்மல் என்றாய். அதில் தாமிரத்தைப் பார்ப்பதில்லை அம்மாடி. கல்லீரல் எண்கள் சரியாக இருக்கும்போதே உள்ளே சேர்ந்துகொண்டிருக்கலாம். ரத்தத்தில் செருலோபிளாஸ்மின் பார்க்கச் சொல். தாமிரத்தை ஏற்றிப் போகிற வண்டி அது. 20-க்கு மேல் இருக்க வேண்டும், தம்பிக்கு 6 இருந்தது. அது மட்டும் போதாது, கண்ணை ஸ்லிட் லாம்பில் பார்க்க வேண்டும். 24 மணி நேரச் சிறுநீருக்கு லேபிலேயே கேன் கொடுப்பார்கள். காலையில் முதல் முறை போவதைச் சேர்க்காதே, அதற்குப் பிறகு மறுநாள் காலை முதல் முறை வரை ஒன்று விடாமல் பிடி. ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொண்டால் ஆபீஸ் தொந்தரவு இல்லை. மரபணு டெஸ்டுக்குத் தம்பியின் ரிப்போர்ட் நகல் இதோடு இருக்கிறது. எந்த எழுத்து தவறியது என்று அதில் இருப்பதால் உன் ரத்தத்தில் அந்த ஓர் இடத்தைப் பார்த்தாலே முடிந்தது.

இருந்துவிட்டால்? நான் பயந்த அளவுக்கு நீ பயப்படத் தேவையில்லை. அறிகுறி வருமுன் தொடங்கினால் துத்தநாக மாத்திரையே பெரும்பாலும் போதுமாம். அது குடலிலேயே தாமிரத்தைப் பிடித்துவைத்து மலத்தோடு வெளியேற்றிவிடும். தம்பி சாப்பிடுவது பென்சிலமின். 1950-களில் ஜான் வால்ஷ் என்ற ஆங்கிலேய டாக்டர் யோசித்தது. நோயாளிக்குக் கொடுப்பதற்கு முன்னால் தானே விழுங்கிப் பார்த்தாராம். அந்த மனுஷனை நினைத்துக்கொண்டுதான் நான் தினமும் காலையில் வெறும் வயிற்றில் தம்பிக்கு எடுத்துக் கொடுக்கிறேன். முதல் மாதம் நடுக்கம் கூடத்தான் செய்தது, சிலருக்கு அப்படி ஆகும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது. அதுதான் கஷ்டம், வேறில்லை. தம்பிக்கு முந்திரி, எள்ளுருண்டை, சாக்லேட், ஈரல் எல்லாம் கட். எள்ளுருண்டைக்குத்தான் ரொம்ப ஏங்குகிறான்.

இன்னொன்று. உனக்கு நான் பார்சல் போட்ட இரண்டு தாமிர பாட்டிலையும் ரிசல்ட் வரும்வரை எடுத்து வைத்துவிடு. உன் அப்பாவே சொல்கிறேன், எவர்சில்வரில் குடி.

பணம் உன் அக்கவுண்டில் போட்டுவிட்டேன். வரன் பேச்சை நான் நிறுத்தி வைத்திருக்கிறேன். ரிசல்ட் எதுவானாலும் முதலில் எனக்குப் போன் பண்ணு. காலை பத்து மணிக்குள் பண்ணினால் கடையில் கூட்டம் இருக்காது. அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா