கண்மாய்க்கரை மரங்களுக்காகக் கிராம சபைகளுக்கு ஒரு மடல்

சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களின் ஊராட்சி நிர்வாகத்தாருக்கும், கிராம சபையில் வந்து உட்காரும் பெரியவர்கள், அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

மரக்கன்றுக்கு இப்போது பஞ்சமில்லை. மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காட்டுக்குக் கொண்டுபோகும் இலக்கோடு 2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியது. நல்ல காரியம். நான் கேட்க வருவது, கன்றுக்குக் குழி தோண்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே பட்டுக்கொண்டிருக்கும் புளியையும் நாவலையும் விளாவையும் பற்றி. விதையில் முளைத்த புளி காய்ப்புக்கு வர எட்டு, பத்து ஆண்டு ஆகும். கரையில் நிற்கும் மரமோ எத்தனையோ வறட்சியைத் தாண்டி ஆழத்தில் வேர் ஊன்றியிருக்கிறது. அதைப் பராமரிக்க ஒரு தீர்மானம்கூட ஏன் வருவதில்லை?

அந்த மரங்களின் மகசூலை ஏலம் விடுவது மட்டும் நடக்கிறது. ஏலம் எடுத்தவருக்குப் பெரும்பாலும் ஒரு பருவம்தான் உரிமை. அடுத்த வருஷம் மரம் யார் கைக்குப் போகுமோ தெரியாத நிலையில் அவர் ஏன் அதைப் பேணுவார்? கழியால் அடித்து, எட்டாத கிளையை ஒடித்து, பழத்தை இறக்கிவிட்டுப் போய்விடுகிறார். அவரைத் திட்டிப் பயனில்லை; நாம் வைத்த நிபந்தனை அப்படி. ஆகவே ஏலத் தொகையில் ஒரு பங்கை அந்த மரங்களுக்கே ஒதுக்குங்கள். விதி இடம் கொடுத்தால் குத்தகையை மூன்று ஆண்டாக்கி, கிளை ஒடிக்கக் கூடாது, தூரில் தீ வைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

அடுத்தது, கவாத்தை, அதாவது கிளை கழிக்கும் வேலையை, யார் செய்வது என்பது. இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். விறகு வியாபாரியிடம் "பட்ட கிளையை வெட்டி எடுத்துக்கொள்" என்று விட்டால், அவருக்குக் கூலியே விறகுதான். உளுத்த கிளையை விட்டுவிட்டுத் திரண்ட பச்சைக் கிளையில்தான் அரிவாள் விழும். வெட்டுபவருக்குக் கூலியைப் பணமாகக் கொடுங்கள். விறகு ஊராட்சிக்கு வரட்டும்.

வெட்டுவதற்கு முன் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே பச்சை இருந்தால் கிளைக்கு உயிர் இருக்கிறது. பட்ட கிளையை எப்போதும் எடுக்கலாம். உயிருள்ள கிளையில் கை வைப்பதானால் அக்னி நட்சத்திர வெயிலில் வேண்டாம். ஒரே ஆண்டில் மரத்தை மொட்டையடிக்கவும் வேண்டாம். நிழலிலேயே இருந்த பட்டை திடீரென்று வெயில் பட்டால் வெந்து வெடிக்கும், அந்த வெடிப்பில் தண்டுத் துளைப்பான் புழு புகும். இரண்டு, மூன்று ஆண்டுகளில் பிரித்துச் செய்வதே வறண்ட பூமிக்குப் பொருந்தும். வெயில் படும் தண்டுக்குச் சுண்ணாம்பு பூசலாம். கனத்த கிளையை முதலில் அடிப்பக்கம் பாதி அறுத்து, பிறகு மேலிருந்து அறுத்தால் பட்டை உரிந்து தண்டுவரை கிழியாது. மாமரத்தில் புல்லுருவி (கிளையில் வேர் இறக்கி மரத்தின் சாற்றை உறிஞ்சும் செடி) பிடித்திருந்தால் அதை மட்டும் பிய்த்தால் மறுபடி தழையும். அது ஊன்றிய இடத்துக்குக் கீழே கிளையோடு வெட்டவேண்டும். பழம் பழுத்துப் பறவைகள் விதையைப் பரப்புமுன் இதைச் செய்துவிடுங்கள்.

மேலே செய்வதைவிடத் தரையில் செய்வதுதான் மரத்தை மீட்கும். நம் பக்கத்துக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அதற்குள் மரத்தைச் சுற்றிய சீமைக்கருவேலத்தை அகற்றி, சரிவின் தாழ்ந்த பக்கம் அரைவட்டமாகக் கரை அணைத்துவிட்டால் ஓடும் நீர் அங்கே நின்று இறங்கும். தண்ணீர் உறிஞ்சும் நுனிவேர்கள் கிளை விரிந்த எல்லை வரைக்கும், அதைத் தாண்டியும் இருக்கின்றன. தூரில் மட்டும் குடம் குடமாக ஊற்றுவதில் பலன் குறைவு. கண்மாய் வண்டலை மெல்லிதாகப் பரப்பி மேலே சருகு மூடாக்குப் போடலாம். மண்ணும் சருகும் தூரைத் தொட்டு மூடக் கூடாது, பட்டை அழுகும். சாலையோர மரங்களில் தூர்வரை பூசிய சிமெண்டை உடைத்தெடுங்கள், விளம்பரப் பலகையின் ஆணிகளைப் பிடுங்குங்கள். அங்கே குப்பை கொளுத்துவதை நிறுத்தினாலே பாதி மரம் பிழைக்கும்.

காட்டு இலந்தையைப் புதர் என்று அழித்துவிடாதீர்கள். இராஜஸ்தான் பாலைப் பகுதியில், தானாக முளைத்த இலந்தையைத் தரையை ஒட்டி வெட்டி, துளிர்த்துவரும் கிளையில் கோலா, சேப், உம்ரான் போன்ற நல்ல இரகங்களின் துளிர் மொட்டு ஒன்றைப் பட்டையோடு எடுத்து வைத்து ஒட்டுக் கட்டுகிறார்கள். வேர் பழையது, பழம் புதியது. இலந்தை அந்தந்த ஆண்டுத் துளிரில்தான் காய்க்கும் என்பதால் ஆண்டுதோறும் கவாத்து செய்தால் காய்ப்பு கூடும். அருப்புக்கோட்டையிலும் பெரியகுளத்திலும் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. மொட்டுக் கட்டப் பழக்கிவிடும்படி ஊராட்சி சார்பில் அவர்களிடம் கேளுங்கள். ஊருக்கு இரண்டு இளைஞர் கற்றுக்கொண்டால் போதும்.

வரும் ஆகஸ்ட் 15 கிராம சபையில் இதைப் பொருளாக வையுங்கள். எந்தக் கரையில் என்ன மரம், எது காய்க்கிறது, எது பட்டுவருகிறது என்ற பதிவேடு ஒன்று முதலில் வேண்டும். கரை அணைக்கும் வேலையை ஊரக வேலைத் திட்டத்தில் சேர்க்க முடியுமா என்று ஒன்றிய அலுவலகத்தில் கேட்டு, புரட்டாசிக்குள் பத்து மரத்திலாவது வேலையை முடித்துவிடுங்கள்.

அன்புடன்,
வானம் பார்த்த பூமியில் வெள்ளாமை செய்யும் ஒருவன்