இன்ஸ்டால் செய்வது ஐந்து நிமிட வேலை, வாத்தியாரே

அன்புள்ள வாத்தியாரே,

உன் கடிதம் கிடைத்தது. வேலை மாறிய செய்தியைக்கூட நாலாவது பத்தியில் போகிற போக்கில் சொல்கிற ஆள் நீ ஒருவன்தான். உன் மகள் எஞ்சினியரிங் வேண்டாம், வரலாறு படிக்கிறேன் என்று சொன்னதில் உனக்கு வருத்தமா பெருமையா என்று எவ்வளவு படித்தும் பிடிபடவில்லை. பெருமை என்றே வைத்துக்கொண்டேன். இங்கே எல்லாரும் நலம். நான் நைட் ஷிப்டை விட்டுவிட்டேன். நடுராத்திரி அலர்ட் வந்தால் எழுந்து பார்க்க இளைஞர்கள் வந்துவிட்டார்கள். நான் காலையில் போய், அவர்கள் எழுதி வைத்ததைப் படித்துக் கருத்துச் சொல்கிறேன். வயதானதில் கிடைத்த ஒரே சொகுசு இதுதான்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். 200 சொச்சம் மெஷின்கள், பாதி லினக்ஸ், பாதி விண்டோஸ், அவற்றோடு சுவிட்சுகள். எல்லாவற்றையும் ஸாபிக்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளுக்குள் கொண்டுவர வேண்டும், ஒவ்வொரு மெஷினிலும் இருந்து அளவெடுக்கிற அதன் ஏஜென்டை எப்படிப் போடுவது என்று கேட்டிருக்கிறாய். இன்ஸ்டால் செய்வதைப் பற்றி உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. லினக்ஸில் ஒரு கட்டளை. விண்டோஸில் எம்எஸ்ஐ என்ற இன்ஸ்டால் கோப்பை எந்தக் கேள்வியும் கேட்காமல் ஓடவிடலாம், அளவுகளை எல்லாம் சேர்த்து வைக்கிற ஸாபிக்ஸ் சர்வரின் முகவரியையும் அப்போதே கொடுத்துவிடலாம். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்: ஏஜென்ட் சர்வரைவிடப் புதிய பதிப்பாக இருக்கக் கூடாது. பழைய ஏஜென்ட் புதிய சர்வரோடு பேசிக்கொள்ளும், தலைகீழாக இருந்தால் உத்தரவாதம் கிடையாது. அதனால் அப்டேட் செய்யும் நாளில் முதலில் சர்வர், அப்புறம்தான் மற்றவை.

தலைவலி இன்ஸ்டாலுக்குப் பிறகு ஆரம்பிக்கிறது. ஏஜென்டின் அமைப்புகளை எழுதும் கான்ஃபிக் கோப்பு நீளமாக இருக்கும், பாதிக்கு மேல் கமென்ட், ஏஜென்ட் கண்டுகொள்ளாத வெறும் விளக்க வரிகள். அதைப் பார்த்து மிரளாதே. ஏஜென்டுக்கு நீ கற்றுக்கொடுக்க வேண்டியது இரண்டே விஷயம்: நான் யார், யாரிடம் பேசுவேன். இந்த இரண்டும் சரியாக இருந்தால் மற்றதை அதன் போக்கில் விட்டுவிடலாம். நான் பார்த்த குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஏதோ ஒன்றில்தான் போய் முடிந்திருக்கின்றன.

யாரிடம் என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். கோப்பில் 'சர்வர்' என்று ஒரு வரி, 'சர்வர்ஆக்டிவ்' என்று இன்னொரு வரி. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் வேலை எதிரெதிர். முதல் வரி, என்னிடம் வந்து கேள்வி கேட்க யாருக்கு அனுமதி என்பது. சர்வர் வந்து ஏஜென்டின் 10050 போர்ட்டைத் தட்டும், இந்த வரியில் அதன் ஐபி இருந்தால் பதில் கிடைக்கும். இரண்டாவது வரி, நானே யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பது. ஏஜென்ட் சர்வரின் 10051 போர்ட்டுக்குப் போய், எனக்கு என்ன வேலை வைத்திருக்கிறாய் என்று பட்டியல் வாங்கி, எடுத்த அளவுகளை அதுவே அனுப்பிவிடும். உன் டேட்டா சென்டர் சர்வர்களுக்கு முதல் முறை போதும். கிளை அலுவலகத்தில் நேட்டுக்குப் பின்னால், அதாவது ஒரே பொது ஐபியின் மறைவில், இருக்கிற மெஷினுக்கும், இன்று இங்கே நாளை எங்கே என்று தெரியாத லேப்டாப்புக்கும் இரண்டாவதுதான். வெளியிலிருந்து அவற்றைத் தட்டவே முடியாது. என்னைக் கேட்டால் எல்லாவற்றையும் இரண்டாவது முறையில் வைத்துவிடுவேன், ஒவ்வொரு மெஷினிலும் உள்வரும் போர்ட் திறக்கிற வேலை மிச்சம். ஆனால் அதில் ஒரு நிபந்தனை உண்டு: அளவுகளோடு நேரத்தையும் அந்த மெஷினே குறித்து அனுப்புகிறது. கடிகாரம் தப்பாக ஓடும் மெஷினின் கிராஃப் நேற்றைக்கோ நாளைக்கோ போய் விழும். கடிகாரத்தைச் சரியாக வைக்கும் என்டிபி ஓடுகிறதா என்று பார்த்த பிறகே ஏஜென்டில் கை வை.

அடுத்தது நான் யார். கோப்போடு வருகிற ஹோஸ்ட்நேம் வரியில் என்ன எழுதியிருக்கும் தெரியுமா? 'ஸாபிக்ஸ் சர்வர்'. அதை மாற்றாமல் விட்டால் உன் அச்சு அறை கணினிகூட நான்தான் ஸாபிக்ஸ் சர்வர் என்று சொல்லிக்கொண்டு வந்து நிற்கும். அந்த வரியையே கமென்ட் ஆக்கிவிடு. மெஷினின் சொந்தப் பெயரை ஏஜென்ட் தானே எடுத்துக்கொள்ளும். சர்வர் பக்கம் நீ கொடுக்கும் பெயரும் அதுவும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும், பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் உட்பட. இல்லையென்றால் லாகில், அதாவது நடந்ததைக் குறித்து வைக்கும் கோப்பில், 'ஹோஸ்ட் நாட் ஃபவுண்ட்' என்று திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்கும்.

நான் போய்ப் பார்த்த ஒரு நிறுவனத்தில் எல்லா மெஷினுக்கும் மாதிரியாக ஒரு தங்க இமேஜ் வைத்திருந்தார்கள். அதில் ஏஜென்டை இன்ஸ்டால் செய்து, பெயரையும் எழுதி, பிறகு அதையே குளோன் செய்து, அப்படியே நகலெடுத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். கிராஃபில் ஒரே மெஷினின் சிபியு ஒரு நிமிடம் 5 சதவீதம், மறு நிமிடம் 90, மறுபடி 5. மெஷினுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று ஹார்டுவேர் ஆட்களைக் கூப்பிட்டு ராம் வரை மாற்றிவிட்டார்கள். வாத்தியார் வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரைக் கூப்பிட, பின் பெஞ்சிலிருந்து மூன்று பேர் உள்ளேன் ஐயா சொன்ன கதை. குளோன் எடுக்கும்முன் இமேஜில் பெயர் ஏதும் எழுதாமல் இருந்தாலே போதும். நீ எப்படியும் இமேஜ் வைத்துத்தான் செய்யப் போகிறாய், அதனால்தான் இதை இவ்வளவு நீட்டுகிறேன்.

200 மெஷினை ஒவ்வொன்றாகச் சர்வரில் சேர்க்க உட்காராதே. தானாகப் பதிவாகும் வசதி இருக்கிறது. ஏஜென்டின் கான்ஃபிக் கோப்பில் ஹோஸ்ட் மெட்டாடேட்டா வரியில் 'லினக்ஸ் வெப்' என்பதுபோல ஒரு குறிப்பு எழுதிவிட்டால், ஏஜென்ட் முதல் முறை வந்து நிற்கும்போதே அதைப் பார்த்துச் சர்வர் சரியான குழுவில் சேர்த்து எதையெல்லாம் அளக்க வேண்டும் என்ற டெம்ப்ளேட்டையும் மாட்டிவிடும். ஆனால் இதைத் திறந்த வீடாக விடாதே, யார் வேண்டுமானாலும் வந்து பதிவு செய்துகொள்ளலாம் என்றாகிவிடும். பிஎஸ்கே போட்டுவிடு, இரு பக்கமும் முன்கூட்டியே வைக்கிற ரகசியச் சாவி அது. ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியில் 64 ஹெக்ஸ் எழுத்துக்கு ஒரு சாவி எடுத்து, ஏஜென்டின் பயனருக்கு மட்டும் படிக்க அனுமதி உள்ள ஒரு கோப்பில் வை. சாவிக்கு நீ வைக்கும் அடையாளப் பெயர் பிணையத்தில் மறைக்கப்படாமல்தான் போகும், அதில் ரகசியம் எதையும் எழுதாதே.

சோதித்துப் பார்ப்பது எப்போதும் சர்வர் பக்கத்திலிருந்து. மெஷினிலேயே உட்கார்ந்து, சர்வீஸ் ஓடுகிறது, பச்சையாக இருக்கிறது என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. முதல் முறையில், சர்வர் வந்து தட்டும்படி வைத்த மெஷின்களுக்குச் சர்வரில் 'ஸாபிக்ஸ் கெட்' என்று ஒரு சின்னக் கருவி உண்டு. பிஎஸ்கே போட்டிருந்தால் அந்த விவரத்தையும் அதனிடம் கொடுத்து, ஏஜென்டின் பெயர் என்ன என்று கேள். வருகிற பதில் நீ எதிர்பார்த்த பெயரா என்று பார். பதில் வராவிட்டால் எப்படி வரவில்லை என்பதைக் கவனி. சட்டென்று 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்' என்றால் அநேகமாக அங்கே ஏஜென்ட் ஓடவில்லை அல்லது வேறு போர்ட்டில் இருக்கிறது. சத்தமே இல்லாமல் காத்திருந்து டைம்அவுட் ஆனால் வழியில் ஃபயர்வால் விழுங்குகிறது. இணைப்பு கிடைத்து உடனே அறுந்து, அனுமதியைச் சரிபார் என்று வந்தால் அந்த 'சர்வர்' வரியில் தப்பு. இந்த மூன்றாவது வகைக்கு ஏஜென்டின் லாகைத் திற, எந்த ஐபியிலிருந்து வந்ததை நிராகரித்தேன் என்று அதுவே எழுதி வைத்திருக்கும். உன் ஸாபிக்ஸ் சர்வருக்கு இரண்டு நெட்வொர்க் கார்டு இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, நீ நினைக்கிற ஐபியிலிருந்து அது கிளம்பாமல் போக நிறைய வாய்ப்பு இருக்கிறது.

ஏஜென்ட் போட முடியாத சாதனங்களுக்கு எஸ்என்எம்பி, பிணையச் சாதனங்களிடம் நிலவரம் கேட்கும் பொது மொழி. லினக்ஸிலும் சில இடங்களில் அதையே வைத்திருப்பதாகச் சொன்னாய். 1988-லேயே வந்த நெறிமுறை அது, இன்னும் சுவிட்சும் யுபிஎஸ்ஸும் அதைத்தான் பேசுகின்றன. டெபியன் லினக்ஸில் அந்த மொழியில் பதில் சொல்லும் எஸ்என்எம்பிடி சர்வீஸைப் போட்டால் முதலில் அது 127.0.0.1-இல், அதாவது மெஷினின் உள் முகவரியில், மட்டும்தான் காது கொடுக்கும். மெஷினுக்குள்ளிருந்து கேட்டால் எல்லாம் வரும், வெளியிலிருந்து ஒன்றும் வராது. காது கொடுக்கும் முகவரியை மாற்றிய பிறகும் கேட்டால் கொஞ்ச வரிகள் வந்து, இந்தப் பார்வையில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று நின்றுவிடும். நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் விவரம் ஒன்றுகூட இருக்காது. இதை பழுது என்று நினைத்து மறுபடி இன்ஸ்டால் செய்கிறவர்கள் உண்டு. முன்னிருப்பாக சிஸ்டம் பற்றிய சில கிளைகளை மட்டும் காட்டும்படி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பார்வையை நீ அகலப்படுத்த வேண்டும்.

எஸ்என்எம்பியில் எந்தப் பதிப்பை வைப்பது என்று கேட்டிருந்தாய். மூன்றுதான். அது 2002 டிசம்பரிலேயே முழுத் தரநிலையாகிவிட்டது, இன்னும் 'பப்ளிக்' என்ற கம்யூனிட்டியோடு, அதாவது பழைய பதிப்புகளில் பாஸ்வேர்ட் போல இருக்கும் சொல்லோடு, காலம் தள்ள எந்தக் காரணமும் இல்லை. பதிப்பு ஒன்றிலும் இரண்டு-சியிலும் அந்தச் சொல் அப்படியே வெளிப்படையாகப் பிணையத்தில் போகிறது. இன்னொரு தொல்லையும் உண்டு: கம்யூனிட்டியைத் தப்பாகக் கொடுத்தால் அவை பதிலே சொல்லாது. ஃபயர்வால் தடுத்தாலும் டைம்அவுட், சொல் தப்பானாலும் டைம்அவுட், அங்கே போய் டிசிபிடம்ப் என்ற பிணையத்தைக் கவனிக்கும் கருவியை வைத்துப் பாக்கெட் வந்து சேர்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும். மூன்றாம் பதிப்போ 'பயனர் பெயர் தெரியாது', 'பாஸ்வேர்ட் தப்பு' என்று தனித்தனியாகச் சொல்லிவிடும். உனக்குப் பாதுகாப்பில் அக்கறை இல்லாவிட்டாலும் இந்த ஒரு வசதிக்காகவே மூன்றைப் போடலாம்.

லினக்ஸில் மூன்றாம் பதிப்பின் பயனரை உருவாக்கும்போது எஸ்என்எம்பிடி சர்வீஸை முதலில் நிறுத்து. ஓடிக்கொண்டிருக்கும்போது 'வார்' (/var) கோப்புறைக்குக் கீழே உள்ள அதன் கோப்பில் நீ எழுதினால், நிறுத்தும் சமயத்தில் அது தன் நினைவில் இருப்பதை மேலே எழுதி உன் வரியை அழித்துவிடும். நிறுத்தி, எழுதி, தொடங்கிய பிறகு கோப்பைத் திறந்து பார்: நீ எழுதிய பாஸ்வேர்ட் வரி இருக்காது, அதற்குப் பதில் சாவியாக மாற்றிய வேறு வரி இருக்கும். அது அப்படித்தான். அந்தச் சாவி எஞ்சின் ஐடி என்ற அடையாளத்தோடு கட்டப்பட்டது, அந்த ஐடியும் அதே கோப்பில்தான் இருக்கிறது. குளோன் எடுத்தால் அதுவும் சேர்ந்து போகும். இரண்டு மெஷினுக்கு ஒரே எஞ்சின் ஐடி இருந்தால் சர்வர் குழம்பிவிடும். ஒன்று எப்போது தொடங்கியது என்ற கணக்கை மற்றதன்மேல் ஏற்றி, 150 வினாடிக்கு மேல் வித்தியாசம் வந்ததும் நேர வரம்புக்கு வெளியே என்று தள்ளிவிடும். அதுவும் விட்டுவிட்டு வரும், எந்நேரமும் வராது. விட்டுவிட்டு வருகிற கோளாறைப் போலக் கொடுமை வேறில்லை.

அலர்ட் வைக்கும்போது இரண்டைக் கவனி. மெஷின் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள எஸ்என்எம்பிடியிடம் சிஸ்அப்டைம் என்ற அளவைக் கேட்டால், அது தான் எவ்வளவு நேரமாக ஓடுகிறேன் என்பதைச் சொல்லும். நீ கான்ஃபிக் மாற்றி சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ததும் மெஷினே விழுந்து எழுந்துவிட்டது என்று அலறல் வரும். மெஷினின் நேரத்துக்கு எச்ஆர்சிஸ்டம்அப்டைம் என்று தனியாக இருக்கிறது. இரண்டுமே நூறில் ஒரு வினாடிக் கணக்கில் 32 பிட் எண்ணிகள் என்பதால் 497 நாளில் சுற்றிச் சுழியத்துக்கு வந்துவிடும். இன்டர்ஃபேஸ் பைட் எண்ணியிலும் இதே கதை: 1 ஜிகாபிட் இணைப்பு முழு வேகத்தில் போனால் 32 பிட் எண்ணி 34 வினாடியில் நிரம்பிவிடும். நீ நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் நடுவில் சுற்றியது தெரியாமல், நெரிசலாக இருக்கிற லிங்க் காலியாக இருப்பதுபோலத் தெரியும். 64 பிட் எண்ணியை எடு. அது முதல் பதிப்பில் கிடையாது.

விண்டோஸ் பக்கம் எஸ்என்எம்பியைத் தொடவே தொடாதே. மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் சர்வர் 2012 காலத்திலேயே அந்தச் சர்வீஸைக் கைவிடும் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஸாபிக்ஸ் ஏஜென்டே போதும். ஆனால் லினக்ஸில் அது எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக ஓடாது, விண்டோஸில் லோக்கல் சிஸ்டம் என்ற முழு அதிகாரத்தோடு ஓடும். அதனால் தொலைவிலிருந்து கட்டளை ஓடவிடும் வசதி முன்னிருப்பாக மூடியிருப்பதை அப்படியே விட்டுவிடு. யாராவது வசதிக்காகத் திறக்கச் சொல்வார்கள். எழுத்தில் கேள், பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

கடைசியாக, மாடியில் இருக்கும் அந்தப் பழைய சுவிட்சுகள் மூன்றாம் பதிப்பைப் பேசுமா என்று உன் கடிதத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. மாடலையும் ஃபர்ம்வேர் பதிப்பையும் எழுது. பேசாது என்றால் கம்யூனிட்டியை மாற்றி, படிக்க மட்டும் என்று வைத்து, ஸாபிக்ஸ் சர்வரின் ஐபிக்கு மட்டும் அனுமதி கொடுத்து, நிர்வாகப் போக்குவரத்தைத் தனி விலானில், அதாவது பிரித்து வைத்த பிணையப் பகுதியில், ஒதுக்கிவிடலாம். புதிதாக வாங்க உன் மேலாளர் ஒத்துக்கொள்வாரா என்பதையும் சேர்த்து எழுது, அதற்கேற்ப அடுத்த கடிதத்தில் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் தோழன்