தப்பான எழுத்து வெளுப்பாகத்தான் விழும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், கை அசைவை வைத்து மனத்தின் போக்கை ஆராய்வது பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். கார்னெல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்பைவி குழுவினர் செய்து 2005இல் வெளியிட்ட மவுஸ் சோதனையைக் கட்டுரையாளர் நன்றாகவே விளக்கியிருந்தார். திரையின் இரண்டு மூலையில் இரண்டு படம். காதில் 'கேண்டில்' என்று விழுகிறது, மவுஸ் பிடித்த கை மெழுகுவர்த்திப் படத்துக்குத்தான் போகிறது. ஆனால் எதிர் மூலையில் 'கேண்டி', அதாவது மிட்டாய்ப் படம் இருந்தால், போகிற வழி அந்தப் பக்கம் கொஞ்சம் வளைந்துவிட்டுப் போகிறது. கடலை என்று சொல்லி, பக்கத்தில் கடல் படத்தை வைத்தால் என் கையும் அப்படித்தான் வளையும் என்று நினைக்கிறேன்.

சரி, மவுஸைச் சொன்னவர் தட்டச்சைச் சொல்லாமல் விட்டுவிட்டாரே என்பதுதான் என் குறை. மன்னார்குடியில் 31 வருடம் தட்டச்சு ஆசிரியையாக இருந்தவள் நான். ஒரு ஹால்டா, நான்கு ரெமிங்டன், காலை ஆறு மணி பேட்ச் முதல் ராத்திரி எட்டு மணி பேட்ச் வரை பிறர் விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பதே என் வேலை.

தாள் திருத்தும்போது எனக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. பிழையைத் தேடிப் படிக்க மாட்டேன். தாளைச் சற்றுச் சாய்த்து, வெளிச்சத்தில் மை எங்கே வெளுத்திருக்கிறது என்று பார்ப்பேன். தப்பாக விழுந்த எழுத்து பல சமயம் அக்கம்பக்கத்து எழுத்தைவிட மங்கலாக இருக்கும். விரல் கீழே இறங்கிய பிறகு, ஐயோ என்று பின்வாங்கப் பார்த்த மாதிரி. "ரிப்பன் தேய்ஞ்சுபோச்சு மேடம்" என்பார்கள் பிள்ளைகள். அதே ரிப்பனில் அடுத்த எழுத்து கன்னங்கரேலென்று இருக்கும்! ஆனால் இதில் ஏமாறவும் கூடாது. சுண்டுவிரலுக்கு வலு குறைவு. ஆங்கிலத்தில் 'ஏ', தமிழில் 'ய' இரண்டும் அந்த விரலுக்கு உரியவை, அவை எப்போதுமே சோகையாகத்தான் விழும். ஆள்காட்டி விரல் எழுத்து வெளுத்திருந்தால்தான் நான் நிறுத்திப் பார்ப்பேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று இருந்தேன். ஓய்வுபெற்ற பிறகு, உளவியல் படிக்கும் என் அண்ணன் மகள்தான் சொன்னாள், பேட்ரிக் ராபிட் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1978இலேயே இதை எழுதியிருக்கிறார் என்று. தேர்ந்த தட்டச்சர்கள் தப்பான விசையைச் சரியான விசையைவிட லேசாகத்தான் அழுத்துகிறார்களாம். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவள் இன்னொன்றும் சொன்னாள். அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் கார்டன் லோகன், மேத்யூ கிரம்ப் இருவரும் 2010இல் வெளியிட்டது. வேகமாக அடிக்கிறவர்களை உட்காரவைத்து, திரையில் அவர்களுக்கே தெரியாமல் விளையாடியிருக்கிறார்கள். சில சமயம், சரியாக அடித்த சொல்லில் கணினியே ஒரு தப்பைச் செருகிவிடும். சில சமயம், தப்பாக அடித்ததைச் சத்தமில்லாமல் திருத்திக் காட்டும். சரியாக அடித்தீர்களா என்று கேட்டால், செருகிய தப்பைத் தன் தப்பு என்று ஒப்புக்கொள்கிறார்கள்; திருத்திக் காட்டியதைத் தானே சரியாக அடித்தேன் என்கிறார்கள். வாய் திரையை நம்புகிறது. ஆனால் விரல் நம்பவில்லை. தான் உண்மையிலேயே தப்பாக அடித்த இடத்துக்கு அடுத்த விசையில் விரல் ஒரு கணம் தயங்குகிறது, திரை சரி என்று காட்டினாலும். கணினி செருகிய தப்புக்கு அந்தத் தயக்கம் இல்லை.

எங்கள் இன்ஸ்டிடியூட்டில் இதைக் காதால் கேட்டிருக்கிறேன். டக்டக்டக் என்று ஓடுகிற சத்தத்தில் ஒரு சின்னப் பள்ளம் விழும். திரும்பிப் பார்த்தால், அடித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கே அது தெரிந்திருக்காது, கண் முழுக்கப் பக்கத்துப் புத்தகத்தில். "எங்கேயோ விட்டுட்டே பாரு" என்றால் முறைப்பாள். அப்புறம் தாளை உருவிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

தமிழ் இயந்திரம் அடித்தவர்களுக்கு இன்னும் ஒன்று புரியும். கையால் எழுதும்போது 'க' போட்டு மேலே புள்ளி வைக்கிறோம். இயந்திரத்தில் புள்ளிதான் முதலில். அந்த விசை உருளையை நகர்த்தாது, அதன் கீழேதான் எழுத்து வந்து உட்காரும். மனம் 'க்' என்று படிக்கும்போதே விரல் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கும். தட்டச்சில் லோயர் பரீட்சை பாஸ் செய்த பெண்ணிடம் "புள்ளி முன்னாடியா பின்னாடியா?" என்று திடீரென்று கேளுங்கள். காற்றில் விரலை ஆட்டிப் பார்த்துத்தான் பதில் சொல்வாள்.

இனி என் மறுப்பு. உங்கள் கட்டுரைக்குக் 'கை பொய் சொல்லாது' என்று தலைப்பு. கடைசிப் பத்தியில், வேலைக்கு வருகிறவர்களின் மவுஸ் அசைவை வைத்துப் பொய்யைப் பிடித்துவிடலாம் என்கிற தொனி. ஸ்பைவி சோதனையில் அந்த வளைவு, பலரும் பல தடவை நகர்த்திய பாதைகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தபோது தெரிந்தது. ஒரே ஒரு ஆள் ஒரே ஒரு தடவை மவுஸைக் கோணலாக நகர்த்தினால் மேஜை வழுக்கியிருக்கலாம், மணிக்கட்டு வலித்திருக்கலாம், முதல் நேர்காணல் என்று கை நடுங்கியிருக்கலாம். எத்தனை பிள்ளைகள் பரீட்சை அன்றைக்கு வியர்த்த விரலோடு உட்கார்ந்ததைப் பார்த்தவள் நான். சோகையான 'ய' வை வைத்து ஒருத்தியை நான் ஃபெயில் போட்டிருந்தால் எவ்வளவு அநியாயம்? கை தனக்குத் தெரிந்ததைக் காட்டும், அவ்வளவுதான். அது எதனால் என்று கை சொல்லாது. அந்த வரியை மட்டும் திருத்தி ஒரு குறிப்பு வெளியிட்டால் நல்லது.

போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி வந்திருந்தாள். இருபது வருடமாக ஒரு வக்கீல் அலுவலகத்தில் அடித்துக்கொண்டிருப்பவள். 2014இல் லோகனும் கூட்டாளிகளும் செய்த சோதனையை அவளிடம் செய்து பார்த்தேன். அவர்கள் வெற்று விசைப்பலகைப் படத்தைக் கொடுத்து, 80 விநாடியில் எழுத்துகளை நிரப்பச் சொன்னார்கள். 26 எழுத்தில் சராசரியாக 15 தான் சரியாக வந்தது. நானும் கட்டம் போட்டு, கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். இவள் ஏ, எஸ், டி, எஃப் வரிசையைப் போட்டாள், பாடமாயிற்றே. கீழ் வரிசைக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. இடது கை மேஜைமேல் தானாக எதையோ தட்டிக்கொண்டிருந்தது. "அதை எதுக்குடி ஆட்டுறே?" என்றேன். குனிந்து பார்த்துவிட்டு, "நான் ஆட்டலையே மேடம்" என்றாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தட்டச்சு ஆசிரியை,
மன்னார்குடி.